மண்ணுக்குள் ஓர் அடைக்கலம்
போர்க்காலப் பதுங்கு குழிகளின் வரலாறு

ஜூபிலி மலர் என்றால் கோபுரத்தைப் பற்றியும் பீடத்தைப் பற்றியும் எழுதுவது நம் வழக்கம். அடிக்கல் நாட்டிய நாள், மணி வந்து இறங்கிய நாள், தேர் செய்து முடிந்த நாள் ஆகியவற்றை நன்றியோடு பதிவு செய்கிறோம். அது முறையே. ஆயினும், இம்மலரில் சில பக்கங்களை வேறொரு கட்டடத்துக்கு ஒதுக்க விரும்புகிறோம். அதற்குக் கோபுரம் இல்லை, அடிக்கல் இல்லை. எந்த ஆயரும் அதை மந்திரித்துத் திறந்து வைத்ததில்லை. ஆபத்து நீங்கியதும் மண்ணிட்டு மூடிவிடுவார்கள். ஆகாயத்திலிருந்து விழும் குண்டுக்குத் தப்ப மனிதர் தோண்டிய பதுங்கு குழியே அது.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பங்கு மக்கள் கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் தூத்துக்குடியின்மேல் குண்டு விழவில்லை என்பது உண்மை. ஆனால் நம் முத்துக்குளித்துறையின் உறவும் தொழிலும் இக்கரையோடு நின்றதில்லை. நம் தோணிகள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றின. நம்மவர் அங்கே கடை வைத்தனர்; மன்னார்ப் பக்கம் முத்துக் குளித்தனர்; மடு மாதாவுக்கு நேர்ச்சை வைத்துக் கடல் கடந்தனர். அக்கரையில் குண்டு விழுந்தபோதெல்லாம் இக்கரையில் ஏதோ ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்டது. ஆகவே அவர்கள் எங்கே ஒளிந்தார்கள், எது அவர்களைக் காத்தது, எது காக்கவில்லை என்று அறிவது நம் வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

பாறைகளில் ஒளிந்த முன்னோர்

அடைக்கலம் தேடி ஓடுவது நம் கடற்கரைக்குப் புதிதன்று. 1544 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வடுகப் படையினர் தென்கோடிக் கடற்கரை ஊர்களைக் கொள்ளையிட்டபோது, புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த நம் முன்னோர் குமரிமுனைக் கடலில் உள்ள பாறைகளில் ஏறி ஒளிந்தனர். வாளுக்குத் தப்பினார்கள், ஆனால் பாறையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. பசியாலும் தாகத்தாலும் பலர் மடிவதைக் கேள்வியுற்ற புனித பிரான்சிஸ் சவேரியார், 20 தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து அவர்களுக்கு உதவப் புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. தோணிகள் போய்ச் சேர முடியவில்லை. இச்செய்தியை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஒளியும் இடம் பகைவனுக்கு எட்டாததாக இருந்தால் போதாது. தண்ணீரும் வேண்டும், உதவி வந்து சேர வழியும் வேண்டும். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் பெரிய பெரிய பொறியியல் வல்லுநர்கள் கட்டடம் கட்டியும் உயிரைக் கொடுத்தும் கற்ற பாடத்தை, நம் முன்னோர் அந்தப் பாறையிலேயே கற்றுவிட்டார்கள்.

வானத்திலிருந்து வந்த ஆபத்து

முதல் உலகப் போரில் ஆபத்து கடல் வழியாகவே வந்தது. 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு 'எம்டன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. எமகாதகனை 'எம்டன்' என்று நாம் சொல்வது அன்று தொடங்கியதே. அடுத்த போருக்குள் வானமே போர்க்களமாகிவிட்டது. 1937 இல் ஸ்பெயின் நாட்டின் குவெர்னிக்காவும், 1938 இல் பார்சலோனாவும் குண்டுவீச்சுக்கு இரையாயின. பார்சலோனா மக்கள் தெருத் தெருவாகக் கூடி, தங்கள் வீடுகளுக்கு அடியில் சுரங்கங்கள் வெட்டிக்கொண்டார்கள்.

இதை நேரில் கண்டு ஆராய்ந்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. இவர் பிற்காலத்தில் 1957 இல் இந்தியாவுக்குக் குடிவந்து, 1964 இல் புவனேஸ்வரத்தில் காலமானவர். ஏழைகள் நெருக்கமாக வாழும் நகரங்களில் ஆழமான சுரங்க அடைக்கலங்களை அரசே கட்ட வேண்டும் என்று 1938 இல் ஒரு நூல் எழுதி வாதாடினார். பிரிட்டிஷ் அரசு இணங்கவில்லை. செலவு ஒரு காரணம். மக்கள் உள்ளே போனால் வேலைக்கு வெளியே வரமாட்டார்கள் என்ற சந்தேகம் மற்றொரு காரணம்.

அதற்குப் பதிலாக அரசு வழங்கியதே 'ஆண்டர்சன்' அடைக்கலம். அலையலையான இரும்புத் தகடுகளை வளைத்துச் சேர்த்து, வீட்டுத் தோட்டத்தில் 4 அடி ஆழம் புதைத்து, மேலே 15 அங்குலத்துக்குக் குறையாமல் மண் போட வேண்டும். உள்ளே ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம். ஆறு பேர் இருக்கலாம். ஆண்டு வருமானம் 250 பவுனுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். மற்றவர்களுக்கு 7 பவுன். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் தோட்டம் இல்லாத ஏழை அதை எங்கே புதைப்பான்? 1940 செப்டம்பரில் லண்டன் நகர்மேல் இரவு தோறும் குண்டு விழத் தொடங்கியபோது, தோட்டமில்லாத மக்கள் சுரங்க ரயில் நிலையங்களுக்குச் சென்று, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கி, மேலே வர மறுத்துப் படுத்துவிட்டார்கள். முதலில் தடுத்த அரசு பின்னர் அனுமதித்தது.

காப்பது எது?

குண்டு நேராகத் தலையில் விழுந்தால் சாதாரண அடைக்கலம் எதுவும் தாங்காது. ஆனால் குண்டுவீச்சில் இறப்போரில் பெரும்பாலோர் அப்படி இறப்பதில்லை. சற்றுத் தூரத்தில் வெடித்த குண்டின் இரும்புச் சில்லுகளும், வெடிப்பின் காற்று அதிர்ச்சியும், இடிந்து விழும் சுவரும் கூரையுமே அவர்களைக் கொல்கின்றன. சில்லுகள் நிலத்தில் பட்டு மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் பறக்கும். ஆகவே தரைமட்டத்துக்குக் கீழே இருப்பவனுக்கு அவற்றிலிருந்து பெரும் பாதுகாப்பு உண்டு.

சில்லுகளைத் தடுக்கப் பதின்மூன்றரை அங்குலச் செங்கல் சுவர் வேண்டும். அல்லது இரண்டரை அடி கனத்துக்கு மண்ணோ மணலோ போதும் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். அதாவது, காசு கொடுத்து வாங்கும் செங்கல் செய்யும் வேலையைக் காலடியில் கிடக்கும் மணலும் செய்யும். கனம் மட்டும் கூடுதலாக வேண்டும்.

அடுத்தது வளைவு. நேராக வெட்டிய குழியில் ஓரிடத்தில் குண்டு வெடித்தால் அதிர்ச்சி குழி முழுவதும் ஓடி எல்லோரையும் தாக்கும். முழங்கை மடக்கியது போலச் சில அடிக்கு ஒரு திருப்பம் வைத்து வெட்டினால் அதிர்ச்சி அந்தத் திருப்பத்தில் மோதித் தணியும். நுழைவாயிலும் அப்படியே திரும்பி இருக்க வேண்டும். கட்டடங்களின் வாசலுக்கு நேரே தனியாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியதும் இதே காரணத்தால்தான்.

கலவையில் செய்த சிக்கனமும் உயிரைக் குடித்தது. பிரிட்டனில் தெருவோரம் கட்டிய செங்கல் அடைக்கலங்கள் சிலவற்றில் சிமெண்டு சேர்க்காமல் சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்து பூசினார்கள். அதிர்ச்சியில் சுவர்கள் வெளிப்புறம் சரிந்தன. மேலே இருந்த கான்கிரீட் கூரை அப்படியே உட்கார்ந்தது.

எல்லாவற்றையும் விட நெஞ்சை உலுக்குவது லண்டன் பெத்னல் கிரீன் நிலையத்தில் 1943 மார்ச் 3 ஆம் நாள் நடந்த விபத்து. அபாயச் சங்கு ஊதியதும் மக்கள் இருட்டில் படிகளில் இறங்கினார்கள். படிக்கட்டின் நடுவில் கைப்பிடி இல்லை. ஒரே ஒரு மங்கலான விளக்கு. ஒருவர் இடறி விழ, பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். 62 குழந்தைகள் உட்பட 173 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அன்று அங்கே ஒரு குண்டும் விழவில்லை.

நம் பக்கம் நெருங்கிய போர்

1941 டிசம்பரில் ஜப்பானியப் போர் தொடங்கியபோது கீழ்த்திசை நகரங்களில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். டிசம்பர் 11 இல் பினாங்கிலும், 23 இல் ரங்கூனிலும் விமானங்கள் வந்தபோது, மக்கள் பதுங்காமல் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். ரங்கூனில் மட்டும் அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் கூலிவேலை செய்த இந்தியர் ஏராளம். அவர்களுக்கு ஆபத்து எப்படி வரும் என்றே யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

1942 ஏப்ரல் 4 இல் கனடா நாட்டு விமானி லெனார்டு பிர்ச்சால், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலைப் பூசை நேரத்தில் கொழும்பின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. எச்சரிக்கை வந்திருந்தும், இரத்மலானைத் தளத்துப் போர் விமானங்கள் மேலெழும்போதே தாக்குதல் தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையின்மேலும் குண்டுகள் விழுந்தன. துறைமுகத் தொழிலாளர் பெருங்கூட்டமாக ஊரை விட்டு ஓடினர். ஏப்ரல் 6 இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன.

சென்னையில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என அரசு அறிவித்தது. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் ரயிலேறிய அந்த 'எவாக்குவேஷன்' நாள்களைப் பற்றி நம் பெரியோர் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். இரவில் இருட்டடிப்பு, திறந்த வெளிகளில் பதுங்கு குழிகள். கடைசியில் 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுச் சென்றது. போர் முடிந்ததும் குழிகளைத் தூர்த்தார்கள், மக்களும் மறந்தார்கள்.

மோஸ்தாவும் நவாலியும்

இனி ஆலயங்களுக்கு வருவோம். மால்டா என்னும் சிறு தீவை நாம் அறிவோம். கப்பல் உடைந்து கரையேறிய புனித சின்னப்பரை அன்போடு வரவேற்ற தீவு என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. 1942 இல் அதன்மேல் இடைவிடாமல் குண்டு விழுந்தது. மிருதுவான சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அம்மக்கள் பதுங்கிடங்கள் அமைத்தார்கள். திருகோணமலை தாக்கப்பட்ட அதே ஏப்ரல் 9 ஆம் நாள் மாலை, மோஸ்தா என்னும் ஊரின் பெரிய வட்டக் கோபுர ஆலயத்தில் ஏறத்தாழ 300 பேர் பூசைக்குக் காத்திருந்தபோது, ஒரு குண்டு கோபுரத்தைத் துளைத்து உள்ளே விழுந்து உருண்டது, வெடிக்கவில்லை. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அம்மக்கள் இன்றும் அதைப் புதுமை என்றே நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

மற்றோர் ஆலயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1995 ஜூலை 9 இல் யாழ்ப்பாணத்தின் நவாலியில், படையெடுப்புக்கு அஞ்சி இடம்பெயர்ந்த மக்கள் புனித பேதுரு ஆலயத்திலும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் தஞ்சம் புகுந்திருந்தார்கள். வழிபாட்டிடங்களில் தங்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இலங்கை விமானப்படையின் குண்டுகள் அங்கேயே விழுந்தன, வெடித்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குழந்தைகளும் அவர்களில் உண்டு. 1999 நவம்பர் 20 இல் மடுத் திருப்பதியின்மேலும் எறிகணை விழுந்து தஞ்சம் புகுந்தோர் பலர் மாண்டனர். ஒல்லாந்தர் காலத்தில் துரத்தப்பட்ட கத்தோலிக்கர் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தோடு ஓடி ஒளிந்த காடல்லவா மடு!

மோஸ்தாவின் மக்கள் நவாலி மக்களைவிட அதிகம் செபித்தவர்கள் என்று யார் சொல்லத் துணிவார்? அங்கே குண்டு வெடிக்காததையும் இங்கே வெடித்ததையும் தராசில் வைத்துக் கடவுளின் கணக்கைப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லலாம். ஆலயத்தின் உயர்ந்த கூரை குண்டைத் தாங்கக் கட்டப்பட்டதன்று. சட்டமும் மனசாட்சியும் மதிக்கப்படும் வரையில்தான் அது அடைக்கலம். அவை மீறப்படும் நாளில், ஓட்டுக் கூரைக்குக் கீழே கூடியிருப்பவர்களைவிடத் தோட்டத்துக் குழியில் இருப்பவர்களே பிழைப்பார்கள். செபிக்கும் மக்களுக்குக் குழி தோண்டத் தெரிந்திருப்பது விசுவாசக் குறைவாகாது.

பனங்குற்றியும் மணல் மூட்டையும்

அந்தக் கலையில் நம் அக்கரைச் சகோதரர்கள் உலகில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். 1980களின் நடுவிலிருந்து யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு, பள்ளிக்குப் பள்ளி பதுங்கு குழி வெட்டினார்கள். பேச்சில் அதை 'பங்கர்' என்பார்கள். ஆளுயரத்துக்குக் குழி, பெரும்பாலும் ஒரு திருப்பத்தோடு. மேலே நெருக்கமாகப் பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண் மூட்டைகளும் மண்ணும் குவிப்பார்கள். வைரம் பாய்ந்த பனை நீரிலும் மண்ணிலும் எளிதில் உளுத்துப்போகாது. நாரோடிய மரமாதலால் அதிர்ச்சியில் சட்டென்று முறியாது. லண்டன் இரும்புத் தகட்டால் செய்ததை அவர்கள் பனையால் செய்தார்கள். விமான இரைச்சல் கேட்டதும் குழந்தைகளை முதலில் இறக்குவதும், அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் இடம் விட்டு ஒடுங்குவதும் எழுதப்படாத சட்டம். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நிற்கும். பாம்பும் தேளும் வரும். அப்படியும் இறங்கினார்கள்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் நிலைமை இன்னும் மோசம். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய மணல் பரப்பில் இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டார்கள். மணலைத் தோண்டினால் ஓரம் சரியும். நிறுத்தி வைக்கப் போதிய பனங்குற்றி இல்லை. அப்போது பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி, குழியைச் சுற்றிலும் அடுக்கினார்கள். கூறைச் சேலைகூட மணல் மூட்டை ஆயிற்று. அந்தக் குழிகளில் பிழைத்தவர்களும் உண்டு. அவற்றுக்குள்ளேயே புதைந்தவர்களும் உண்டு. அவர்கள் எல்லோருடைய ஆன்மாக்களும் இறைவனின் அமைதியில் இளைப்பாறுவதாக.

நம் கரைக்கு உரிய பாடம்

நம் கடற்கரையும் அதே மணல்தான். ஊற்றுத் தோண்டினால் சிறிது ஆழத்திலேயே தண்ணீர் ஊறும். இங்கே ஆழமாகத் தோண்டுவது அரிது. பாதி குழியும் பாதி மேடுமாகவே அமைக்க முடியும். பனை நமக்கும் உண்டு. போர் நம்மை அணுகாதிருக்கப் பனிமய அன்னையை, நம் தஸ்நேவிஸ் மாதாவை, வேண்டுகிறோம். ஆனால் கடல் நம்மை அணுகியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலைக்கு அபாயச் சங்கு இல்லை. அதன் பின்னர் தமிழகக் கடற்கரையில் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்துள்ளன. அவற்றைக் காணும்போது வரலாறு கற்றவர்களாய் நாம் சில கேள்விகள் கேட்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது? இரவில் விளக்கு எரியுமா? படிக்கட்டில் கைப்பிடி உண்டா? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்கி வருவார்? உள்ளே குடிதண்ணீர் எத்தனை பேருக்கு இருக்கிறது? குமரிமுனைப் பாறையும் பெத்னல் கிரீன் படிக்கட்டும் இவற்றையே கேட்கின்றன.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. 1983 முதல் அக்கரையிலிருந்து ஓடிவந்தவர்கள் நம் மாவட்டத்தின் தாப்பாத்தி முதலிய முகாம்களில் வாழ்கிறார்கள். பதுங்கு குழி வெட்டிய கைகள், அதற்குள் குழந்தையை அணைத்துக் கிடந்த கைகள் அவர்களிடையே உள்ளன. கிறிஸ்துமஸுக்கு அரிசியும் துணியும் கொடுத்துத் திரும்புவதோடு நம் கடமை தீராது. இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கின் இளைஞர் அணியினர் அவர்களோடு உட்கார்ந்து, எப்படித் தோண்டினார்கள், எதை மேலே போட்டார்கள், யாருக்கு முதலில் இடம் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்பார்களாக. கோபுரங்களின் வரலாறு கல்வெட்டில் இருக்கிறது. குழிகளின் வரலாறோ அந்த முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.